பழைய நோவும் புதிய விபத்தும்

உழைப்பாளி எவரும் வேலைத்தலத்துக்குப் புத்தம் புதிய உடலோடு வருவதில்லை. நேற்று உழைத்துத் தேய்ந்த உடலோடுதான் இன்று வருகிறார். இன்று தேயும் உடலோடுதான் நாளையும் வருவார். எவரும் மறுக்காத இந்த எளிய உண்மை, அச்சடித்த படிவமொன்றிலுள்ள ஒரு வினாவின் முன் வந்து நிற்கும்போது மட்டும் அவருக்கே எதிரான சாட்சியாக மாறிவிடுவது எவ்வாறு? விபத்துக் காப்புறுதிக் கோரிக்கைகளிலே அடிக்கடி இடம்பெறும் ‘முன்னிருந்த நோய்’ என்ற சொற்றொடரைப் பற்றியே நாம் இங்கு சிந்திக்க முற்படுகின்றோம். இது சட்ட வல்லுநருக்கும் கணக்காளருக்கும் உரிய விடயம் என்று சிலர் ஒதுக்கிவிடக்கூடும். ஆனால் உண்மை பேசுதல் என்றால் என்ன, ஒரு துன்பத்துக்குக் காரணம் என்று எதனைச் சொல்வது, ஒரு மனிதனின் தேய்வுக்குக் கடன்பட்டவர் யார் என்னும் மூன்று பழைய வினாக்கள் இச்சிறு சொற்றொடருக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இவ்வினாக்களை நாம் நூல்களிலிருந்து பெறவில்லை. எமது மாணவன் ஒருவனின் தந்தை வாயிலாகவே அவை எம்மிடம் வந்தன.

அவர் கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை. இருபத்தாறு ஆண்டுகளாக அரிசியும் சீனியும் வெங்காயமும் அவருடைய முதுகின் மீதேறியே லொறியிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து லொறிக்கும் போய்வந்தன. சீனி மூட்டை ஒன்று ஐம்பது கிலோ. வளர்ந்த ஆணொருவர் தூக்கிச் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1967 ஆம் ஆண்டு விதந்துரை. ஆனால் லொறி காத்துநிற்கும் அவசர வேளைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூட்டைகளை ஏற்றிக்கொள்வதும் உண்டு. கூலி மூட்டைக் கணக்கில் அல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், லொறிக்கும் கடைவாசலுக்கும் இடையே போட்டிருந்த பலகையில் கால் வழுக்கி மூட்டையோடு விழுந்தார். இடது கால் மரத்துப்போயிற்று. முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் வட்டொன்று விலகி நரம்பை அழுத்துகிறது என்று அரசாங்க ஆஸ்பத்திரியிலே கூறினார்கள். அதன் பின்னர் அவர் மூட்டை தூக்கவில்லை.

நிலையான முதலாளி என்று அவருக்கு எவரும் இல்லை. நான்கு கடைகளுக்கு அவர் சுமந்தார். விழுந்த அன்று நான்கில் ஒன்றேனும் அவரைத் தன் ஆள் என்று ஒப்புக்கொள்ளவில்லை. கையில் எஞ்சியிருந்தது ஒன்றுதான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு முகவரின் வற்புறுத்தலால் எடுத்து, தவணை தவறாது பணம் செலுத்தி வந்த விபத்துக் காப்புறுதிப் பத்திரம். கோரிக்கைப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தமையால், மகன் அதனை எம்மிடம் கொண்டுவந்தான்.

பெயர், முகவரி, விபத்து நடந்த இடம், நேரம் என்பவற்றை எழுதுவதில் இடர்ப்பாடு இருக்கவில்லை. பின்னர் ஒரு வினா வந்தது. காயமுற்ற உடற்பகுதியில் இதற்கு முன் நோயோ நோவோ இருந்ததுண்டா? ஆம் அல்லது இல்லை. ஆம் எனின் விபரம் தருக. விபரம் தருவதற்கு ஒரேயொரு வரி.

நோவு இருந்தது. விபத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பு நோவுக்காக அவர் மும்முறை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கிளினிக் கொப்பியில் அது திகதியோடு எழுதப்பட்டிருந்தது. குளிசையும் கொடுத்து, ஒரு கிழமை ஓய்வெடுக்கும்படியும் சொல்லியிருந்தார்கள். ஓய்வெடுத்தால் அடுப்பெரியாது. ஆகவே குளிசையை மட்டும் விழுங்கிவிட்டு மறுநாளே மூட்டை தூக்கப் போனார்.

“அந்தப் பழைய நோவ எழுதாதீங்க சேர். எழுதினா குடுக்க மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. இல்லன்னு போட்டுருங்க” என்றார் அவருடைய மனைவி. மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முந்திய கிழமைதான் திருக்குறளின் வாய்மை அதிகாரத்தை அவனுடைய வகுப்பிலே நாம் படிப்பித்திருந்தோம்.

நாம் ‘ஆம்’ என்று எழுதினோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பு நோவுக்காக மும்முறை சிகிச்சை என்று அந்த ஒற்றை வரியை நிரப்பினோம்.

ஏழு வாரங்களின் பின் பதில் வந்தது. விபத்து நிகழ்ந்ததை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் இயலாமை விபத்தினால் மாத்திரம் விளைந்ததன்று. முன்னிருந்த தேய்வு நோயே அதற்குக் காரணம். ஆதலால் பத்திரத்தின் நிபந்தனைப்படி பணம் வழங்க இயலாது. அந்தக் கடிதத்தை நாம் தமிழிற் சொல்லி முடித்தபோது அந்த அம்மா எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க சேர்” என்றார். கடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

2

நாம் செய்தது சரிதானா?

குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவரின் கருத்து. அதற்கு முந்திய குறளிலேயே, பிறருக்குத் தீமை பயவாத சொல் என்று வாய்மைக்கு அவர் வரைவிலக்கணம் கூறிவிடுகிறார். இதற்கு நேர் எதிரான முனையில் நிற்பவர் ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற். கொலைஞன் ஒருவன் கதவைத் தட்டி, உமது நண்பன் உள்ளே ஒளிந்திருக்கிறானா என்று கேட்டாலும் அவனிடம் பொய் சொல்ல உமக்கு உரிமையில்லை என்று 1797 இல் எழுதிய கட்டுரையொன்றில் அவர் வாதிட்டார். அந்த மாலையில், எழுத்தறிவு அதிகமில்லாத அந்தத் தாய் வள்ளுவரின் பக்கத்தில் நின்றார். வள்ளுவரைப் படிப்பித்த நாமோ, அறிந்தோ அறியாமலோ, கான்றின் பக்கத்தில் நின்றோம்.

அந்தத் தாயின் பக்கத்து நியாயம் அற்பமானதன்று. படிவத்தின் வினா, சமமான இருவர் பேசிக்கொள்ளும்போது எழும் வினா அன்று. கேட்பவரிடம் பணம் இருக்கிறது; வைத்தியர் இருக்கிறார்; சட்டத்தரணி இருக்கிறார்; ஆங்கிலமும் இருக்கிறது. பதில் சொல்பவரிடம் நோவு மட்டுமே இருக்கிறது. அறிந்துகொள்வதற்காக அன்றி மறுப்பதற்காகவே கேட்கப்படும் கேள்விக்கு உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோமா? கண்ணியில் காலை வைப்பதற்கு வாய்மை என்று பெயரிடலாமா?

இவ்வாதத்தை நாம் பலநாள் மனத்திலே புரட்டிப் பார்த்தோம். எனினும் அதனை ஏற்க இயலாமைக்கு இரண்டு காரணங்கள் உள.

முதலாவது நடைமுறை சார்ந்தது. கிளினிக் கொப்பி ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் இருக்கிறது. கோரிக்கையிற் பொய் கூறப்பட்டதென்று தெரிந்தால், அந்த ஒன்றையே காட்டி முழுக் கோரிக்கையையும் தள்ளிவிடலாம். பழைய நோவைப் பற்றி வாதாட இடமுண்டு. கையும் மெய்யுமாகப் பிடிபட்ட பொய்யைப் பற்றி வாதாட இடமில்லை. அன்றியும், இன்று ஒரு நாட்டாமையின் பொய் பிடிபடுமாயின், நாளை வரும் நாட்டாமையின் மெய்யும் நம்பப்படமாட்டாது. வள்ளுவர் விதித்த ‘குற்றமற்ற நன்மை’ என்ற நிபந்தனை இங்கு நிறைவேறவில்லை.

இரண்டாவது காரணமே எமக்கு முக்கியமாகப் படுகின்றது. ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் நாம் எதனை மறைத்திருப்போம்? அந்த மழைக்காலை வரைக்கும் அவருடைய முதுகு நோவறியாதிருந்தது என்று கூறியிருப்போம். இருபத்தாறு ஆண்டுக் காலச் சுமை அவருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று கையொப்பமிட்டுக் கொடுத்திருப்போம். பொய் அவருக்குப் பணத்தைப் பெற்றுக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய உண்மையை அழித்த பின்னரே அது அப்பணத்தைக் கொடுத்திருக்கும். அவருடைய முதுகினால் இலாபம் பெற்ற அனைவருக்கும் அப்பொய் ஒரு விடுதலைப் பத்திரமாக அமைந்திருக்கும்.

அப்படியாயின் நாம் தவறே செய்யவில்லையா? செய்தோம். எமது தவறு உண்மையைச் சொன்னதன்று. உண்மையின் ஒரு துண்டை மட்டும் சொன்னது. படிவம் ஒரு வரி தந்தது. நாமும் ஒரு வரியோடு நின்றுவிட்டோம். நோவு இருந்தது என்று எழுதிய நாம், அந்த நோவோடு அவர் விபத்து நடந்த நாளின் காலைவரை மூட்டை சுமந்தார் என்பதை எழுதவில்லை. அந்த நோவு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதவில்லை. நாம் பொய் சொல்லவில்லை என்பது மெய். உண்மையைச் சொன்னோம் என்பதோ அரைமெய்.

3

இனி, காரணம் என்பதை எடுத்துக்கொள்வோம்.

காய்ந்த கிடுகுக் கூரையின் மேல் தீப்பொறி ஒன்று விழுகின்றது, வீடு எரிகின்றது. கூரை நனைந்திருந்தால் எரிந்திராது என்பது உண்மையே. அதற்காக, வீட்டை எரித்தது பொறியன்று, கிடுகின் காய்வே என்று எவரேனும் கூறுவரா? காய்வும் பொறியும் கூடியபோதே தீ பிறந்தது. காய்வு மட்டும் இருந்த நேற்று வரைக்கும் அந்த வீட்டில் மனிதர்கள் உண்டு உறங்கி வாழ்ந்தார்கள்.

நீதிமன்றங்கள் இவ்வினாவோடு நெடுங்காலம் மல்லாடியிருக்கின்றன. 1880 இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடைபெற்றது. ஓடையைக் கடந்துகொண்டிருந்த ஒருவர் வலிப்பு வந்து நீரில் விழுந்து மூழ்கி இறந்தார். நோயினால் விளையும் தீங்குக்குப் பணம் இல்லை என்று பத்திரம் சொல்லியிருந்தது. ஆயினும் அவரைக் கொன்றது வலிப்பன்று, நீரே என்று நீதிமன்றம் தீர்த்தது. அடுத்த ஆண்டு அதையொத்த இன்னொரு வழக்கு. லண்டன் வோட்டர்லூ புகையிரத நிலையத்தில் வலிப்பு வந்து மேடையிலிருந்து தண்டவாளத்தில் விழுந்தவர்மீது வண்டி ஏறியது. அங்கும் காப்புறுதி நிறுவனமே தோற்றது. உடலின் பலவீனம் மனிதனை ஆபத்தின் வழியிலே கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாம். கொன்றது ஆபத்துத்தான் என்பது இத்தீர்ப்புகளின் சாரம்.

1910 ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. திருகுச் சாவியால் ஒரு நட்டை இறுக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் அவ்விடத்திலேயே இறந்தார். அவருடைய பெருநாடியில் இருந்த வீக்கம் முற்றியிருந்தது. அது உறக்கத்திலேகூட வெடித்திருக்கலாம் என்று மருத்துவச் சாட்சியம் கூறிற்று. வழமையான வேலை, வழமையான முயற்சி, வழுக்கவுமில்லை, விழவுமில்லை. ஆயினும் அது தொழிலில் நேர்ந்த விபத்தே என்று பிரித்தானியப் பிரபுக்கள் சபை பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அவர் நோயினால் மட்டும் இறந்தாரா, அன்றி நோயும் வேலையும் சேர்ந்ததனால் இறந்தாரா என்பதே கேட்கவேண்டிய கேள்வி என்றார் லோர்ட் லொறபேண். எமது நாட்டாமைக்கு வந்த கடிதம் இக்கேள்வியைத் தலைகீழாக்கிக் கேட்டிருந்தது. விபத்தினால் மட்டும் நேர்ந்ததா என்று அது கேட்டது. ‘மட்டும்’ என்ற ஒரு சொல் எந்தப் பக்கத்திலே சேர்கிறது என்பதில் ஒரு குடும்பத்தின் சோறு தங்கியிருக்கிறது.

1962 இல் வெளிவந்த மற்றொரு தீர்ப்பு எமது விடயத்துக்கு மிக நெருங்கியது. உருகிய உலோகத்திலே பொருள்களைத் தோய்க்கும் வேலை செய்த ஒருவருக்கு 1950 இல் உலோகத்துளி தெறித்து உதடு வெந்தது. வெந்த இடத்திலே புற்றுநோய் தோன்றியது. 1953 இல் அவர் இறந்தார். சிறு தீக்காயத்தால் எவர்க்கும் மரணம் நேராதே என்று தொழில்நிறுவனம் வாதிட்டது. ஆனால் தீங்கிழைத்தவன், தீங்குற்றவனை அவன் இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கோட்பாட்டை லோர்ட் பாக்கர் உறுதிசெய்தார். இங்கு கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அந்த மனிதரின் உடல் புற்றுநோய்க்கு இடங்கொடுக்கும் நிலையில் இருந்தமைக்கு, அதற்கு முன் எரிவாயுத் தொழிற்சாலையொன்றில் ஆண்டுக்கணக்காகத் தாரோடு பழகியதே காரணம் எனக் கருதப்பட்டது. அதாவது ‘முன்னிருந்த நோய்’ என்பதே முன்னைய வேலையின் எச்சம். அதே தீர்ப்பு, தீக்காயம் படாவிடினும் நோய் வந்திருக்கலாம் என்று கருதித் தொகையைக் குறைக்கவும் செய்தது. தாரின் பங்கை எவர் கணக்கிலும் அது எழுதவில்லை.

தேய்வைப் பற்றி மருத்துவம் கூறுவதையும் இங்கு குறிப்பிடுதல் தகும். எவ்வித முதுகு நோவும் இல்லாதவர்களின் முள்ளந்தண்டுப் படங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2015 இல் வெளிவந்த கட்டுரையொன்று, இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்வு காணப்பட்டதெனக் கூறுகின்றது. ஆகவே படத்திலே தேய்வு தெரிகின்றது என்பதொன்றை மட்டும் காட்டி, இயலாமைக்கு அதுவே காரணம் என்று முடிவுகட்டுதல் அறிவியலுக்கும் ஒவ்வாது. தேய்ந்தும் நோவின்றி நடமாடுவோர் எத்தனையோ பேர். நேற்றுவரை நடமாடியவரை இன்று நடமாடவிடாமற் செய்தது எது என்பதே வினா.

4

காப்புறுதி நிறுவனத்தின் தரப்பையும் நேர்மையோடு கேட்போம். காப்புறுதிப் பணம் வானத்திலிருந்து விழுவதன்று. பலர் சேர்த்த பொதுப் பணம். விபத்துக்கென்று சேர்த்த நிதியிலிருந்து நோய்களுக்கெல்லாம் கொடுத்தால் நிதி வற்றும், தவணைப்பணம் உயரும், முதலில் வெளியேறுபவர் ஏழையாகவே இருப்பார். இவ்வாதத்தில் உண்மையுண்டு. விபத்தையும் நோயையும் பிரித்தறிவதற்கு ஒரு வினா வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த வினாவின் பின்னால் நிற்கும் அளவுகோல் யாருடைய உடல்? தேய்வும் நோவும் அற்ற, பாரம் தூக்கியே அறியாத ஓர் உடலை மனத்தில் வைத்துக்கொண்டல்லவா அது கேட்கப்படுகின்றது? அப்படிப்பட்ட உடலையுடையவருக்கு அக்கேள்வி ஒரு புள்ளடியோடு முடிந்துவிடும். உழைக்கும் வர்க்கத்தினருக்கோ ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய உறுப்பே உடலில் இராது. கொழுந்து பறிப்பவரின் முழங்கால், மேசனின் தோள், தையல்காரரின் கண், கரும்பலகைத் தூசியை உட்கொண்ட ஆசிரியரின் சுவாசப்பை ஆகிய ஒவ்வொன்றிலும் முன்னிருந்த நோய் ஒன்று இருக்கத்தான் செய்யும். எவருக்கு விபத்து நேரும் வாய்ப்பு அதிகமோ அவருக்கே மறுப்பும் அதிகம் என்றாகிவிடுகின்றது.

இன்னொன்று. விபத்துக் காப்புறுதியிலே தொழிலைப் பொறுத்துத் தவணைப்பணத்தை வகுப்பது வழக்கம். மேசையிலிருந்து எழுதும் எழுதுவினைஞரைவிடச் சுமை தூக்குபவர் கூடுதலாகச் செலுத்தவேண்டும். எமது நாட்டாமையின் பத்திரத்திலும் தொழில் இன்னதென்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. பணம் வாங்கும்போது அவர் மூட்டை சுமப்பவர் என்பது தெரியும். பணம் கொடுக்கும்போது மட்டும் மூட்டை சுமந்தவரின் முதுகு தேய்ந்திருப்பது வியப்பாகத் தோன்றும்!

காப்புறுதியில் இரு திறத்தாரும் உச்ச நன்னம்பிக்கையோடு நடத்தல் வேண்டும் என்ற கோட்பாட்டை லோர்ட் மான்ஸ்பீல்ட் 1766 இல் வகுத்தார். சுமாத்திராவிலிருந்த ஒரு பிரித்தானியக் கோட்டையைப் பகைவர் கைப்பற்றினால் நட்டத்தை ஈடுசெய்வதெனச் செய்துகொண்ட ஒப்பந்தம் பற்றியது அவ்வழக்கு. 1760 இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். உண்மைகளை மறைத்தீர் என்று கூறிக் காப்புறுதியாளர் பணம் தர மறுத்தார். நன்னம்பிக்கை என்ற சொல்லைக் காட்டிக் கோரிக்கைகளை மறுப்போர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த மூல வழக்கிலே வென்றவர் காப்புறுதி எடுத்தவரே. அவ்வாபத்தைத் தாமாகவே அறிந்துகொள்ளக்கூடிய நிலையிலிருந்தும் பணத்தை வாங்கிக்கொண்டவர், பின்னர் அறியாதவர்போல் முறையிடலாகாது என்பது அத்தீர்ப்பின் போக்கு. நன்னம்பிக்கை இருவழிப் பாதை. கோட்டையைக் காப்புறுதி செய்த கவர்னருக்குப் பொருந்திய நியாயம், முதுகைக் காப்புறுதி செய்த நாட்டாமைக்குப் பொருந்தாதோ?

5

இவையெல்லாம் இயற்கையின் மாறா விதிகள் என்று எண்ணுதல் தவறு. மனிதர் வகுத்தவை, மனிதர் மாற்றியவை. 1884 இல் ஜேர்மனி கட்டாய விபத்துக் காப்புறுதியைச் சட்டமாக்கியது. 1897 இல் பிரித்தானியா தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை இயற்றியது. இலங்கையில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. முதலாளியின் தவறு எதுவெனத் தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. தொழிலின் காரணமாகவும் தொழிலின்போதும் விபத்து நேர்ந்தது என்பதே போதும் என்ற நிலையை இச்சட்டங்கள் தோற்றுவித்தன. முதலாளி யார் என்று காட்டமுடியாதவர்கள், எமது நாட்டாமையைப் போல, தனியார் ஒப்பந்தமாகிய காப்புறுதிப் பத்திரத்தின் தயவில் விடப்படுகிறார்கள். நட்டஈட்டுச் சட்டம் மனிதனை அவன் இருக்கும் நிலையில் ஏற்க முற்படுகின்றது. பத்திரமோ தன் நிபந்தனையில் உள்ளவாறே ஏற்கின்றது.

பத்திரங்களையும் சட்டம் திருத்தவல்லது. கேளாத உண்மைகளையும் தாமே தேடிச் சொல்லவேண்டும் என்றிருந்த பழைய கடமையை நீக்கி, கேட்டவற்றுக்கு நியாயமான கவனத்தோடு பதிலளித்தாற் போதும் என்று பிரித்தானியா 2012 இல் தனிப்பட்ட நுகர்வோருக்காகச் சட்டம் செய்தது. சுகநலக் காப்புறுதியில் முன்னிருந்த நோயைக் காட்டி ஒருவரை மறுத்தலை 2010 இல் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம் 2014 முதல் தடைசெய்தது.

எமது நாட்டு வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1962 இல் ஆயுட் காப்புறுதியும் 1964 இல் ஏனைய காப்புறுதியும் அதன் தனியுரிமையாயின. 1980களின் பிற்பகுதியில் தனியார் மீண்டும் வந்தனர். 2003 இல் கூட்டுத்தாபனமே விற்கப்பட்டது. 2009 இல் உயர் நீதிமன்றம் அவ்விற்பனையைச் செல்லாதென்றது. உடைமை கைமாறுவது முக்கியமானதே. ஆயினும் உடைமை எவர் கையில் இருந்தாலும், படிவத்திலுள்ள வினா மாறாவிடின் நாட்டாமைக்கு விடிவில்லை என்பதையும் முற்போக்காளர்கள் உணர்தல் வேண்டும்.

6

மறுப்புக் கடிதத்தின் பின் நாம் வாளாவிருக்கவில்லை. அரைமெய்யை முழுமெய்யாக்க முற்பட்டோம். முதலில், மறுப்புக்கு ஆதாரமான பத்திர நிபந்தனையையும் வைத்திய அறிக்கையையும் எழுத்தில் தரும்படி கேட்டோம். பின்னர் மூன்று சான்றுகளைத் தேடினோம். ஒன்று, கடைகளின் கூலிக் கொப்பிகள். பழைய நோவுக்குச் சிகிச்சை பெற்ற பின்னரும், விபத்துக்கு முந்திய நாள்வரை, அவர் எத்தனை மூட்டை தூக்கினார் என்பது அவற்றில் இருந்தது. அவரைத் தம் ஆளல்ல என்ற கடைக்காரர்களின் கையெழுத்தே அவருக்குச் சாட்சியாயிற்று. இரண்டாவது, உடன் சுமந்தவர்களின் வாக்குமூலம். மூன்றாவது, வைத்தியரின் கடிதம். அதிலே நோயின் பெயரைக் கேட்டு நாம் நிற்கவில்லை. விபத்துக்கு முன் இவரால் எதைச் செய்ய முடிந்தது, பின் எதைச் செய்ய முடியவில்லை, அந்த வேறுபாட்டை விபத்து உண்டாக்கியதா என்ற வினாக்களுக்கு விடை கேட்டோம். காலில் மரப்பு முன்னர் இருக்கவில்லை, விபத்தின் பின்னரே தோன்றியது என்று அவர் எழுதினார். இவற்றோடு தனித்தாள் ஒன்றையும் இணைத்தோம். படிவம் தந்த ஒரு வரிக்குப் பதிலாக இரண்டு பக்கம். பழைய நோவு இருந்தது. இருபத்தாறு ஆண்டுச் சுமையால் வந்தது. அதனோடே அவர் உழைத்தார். அந்தக் காலையின் வீழ்ச்சியே உழைப்பை நிறுத்தியது.

இதன் பின்னும் மறுத்திருந்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிட எண்ணியிருந்தோம். அதற்குத் தேவை ஏற்படவில்லை. நான்கு மாதங்களின் பின் தொகையின் பாதியைத் தருவதாக எழுதினார்கள். இயலாமையின் பாதி விபத்தினால், மறுபாதி முன்னிருந்த நோயினால் என்பது அவர்களுடைய கணிப்பு. குடும்பத்துக்குக் கடன் இருந்தது. மகனின் உயர்தரப் பரீட்சையும் நெருங்கியிருந்தது. அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்கவேண்டாம் என்று சொல்லும் துணிவு எமக்கு இருக்கவில்லை. வாடகை கொடுப்பவர்கள் நாம் அல்லவே.

கடிதத்தில் கையொப்பமிட்ட பின் அந்த மனிதர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். வாழ்நாளெல்லாம் மூட்டைகளை எண்ணியே பழகியவர் அவர். “விழுந்ததுக்குப் பாதி குடுத்துட்டாங்க. சரி. தூக்கினதுக்கு மத்தப் பாதி எந்தக் கணக்குல சேர்?” என்று கேட்டார்.

எமது கட்டுரை முழுவதும் அவருடைய அந்தக் கேள்விக்கு ஓர் அடிக்குறிப்பே. காப்புறுதி நிறுவனம், அது விபத்தன்று, எம்முடையதன்று என்கிறது. கடைகள், அவர் எம் ஆளல்லர் என்கின்றன. மலிவாகச் சீனி வாங்கிய நாமோ இதுவரை கேட்கப்படவேயில்லை. அந்தப் பாதி உண்டு என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். கணக்கிட்டு எழுத்திலும் தந்துவிட்டார்கள். கொடுக்கவேண்டியவர் பெயர் மட்டும் எழுதப்படாமல் இருக்கிறது.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் எழுதத் தெரியாதவர்களுக்காகப் படிவங்களை நிரப்புகின்றோம். அப்போது ‘ஆம்’ என்று எழுதுவோம். ஆனால் அதோடு நிறுத்தலாகாது. தந்த வரி போதாதெனின் தாள் இணைப்போம். பழைய நோவை மறைப்பது எமது வேலையன்று. அது எங்கிருந்து வந்தது என்பதை, கேட்கப்படாவிட்டாலும், எழுதிவைப்பதே எமது வேலை.